வலை இழுப்பவனுக்கு மணல் வேண்டுமா?

ஷீபா போன் செய்தபோது நான் சேப்பங்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன்.

"சேச்சி, இவிடெ வலிய சண்டை. ஒண்ணு வந்துட்டுப் போகணும்" என்றாள்.

ஓய்வு பெற்றவளை வேலை பார்த்த இடத்திலிருந்து கூப்பிட்டால், அலமாரிச் சாவி எங்கே என்று கேட்பார்கள், இல்லையென்றால் பழைய அச்சு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்பார்கள். சண்டைக்குக் கூப்பிடுவது அபூர்வம். கிழங்கை அப்படியே போட்டுவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மணக்காட்டில் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குள் இருக்கிறது எங்கள் பட்டறை. அங்கே செய்வது சின்னஞ்சிறு மனித உருவங்கள். ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு மனிதன், அவ்வளவுதான். ஆனால் முழு மனிதனாகக் கொடுக்க மாட்டோம். தலை தனி, உடம்பு தனி, கை தனி என்று பிரித்துப் பெட்டியில் அடைத்து விற்போம். வாங்குகிறவர் ஒட்டி, உரசி, வர்ணம் பூசி, கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்வார். பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போகிறது. சாலை பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு இது இன்றுவரை ஆச்சரியம்தான். "துட்டு கொடுத்து வேலையையும் வாங்கிட்டுப் போறானுவளா!" என்பார்.

போய்ச் சேர்ந்தால், பட்டறையில் யாரும் வேலை செய்யவில்லை. எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். விஷயம் இதுதான். இதுவரை எங்கள் பெட்டிகளில் ஆளோடு சேர்த்து, அவன் நிற்கும் இடத்தையும் வடித்துக் கொடுத்து வந்தோம். கல் தளம், புல், சேறு, எதுவானாலும். பட்டறையில் அதை பேஸ் என்பார்கள். நான் தரை என்பேன். இனிமேல் தரை வேண்டாம், ஆளை மட்டும் கொடுத்தால் போதும் என்று, அப்பாவுக்குப் பிறகு பட்டறையை நடத்தும் ஷீபா நினைக்கிறாள். தரையால் பெட்டி கனக்கிறது. வாங்குகிறவர்கள் இப்போது வீட்டிலேயே மிஷின் வைத்து அவரவருக்குப் பிடித்த தரையை அச்சடித்துக்கொள்கிறார்கள். அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அதற்குள் பட்டறை இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பக்கம் ஆள் கட்சி. அதற்குத் தலைவன் அனூப். கம்ப்யூட்டரில் உருவம் வடிக்கிறவன், கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் அதிகம். எதிர்ப்பக்கம் தரைக் கட்சி. அதற்குத் தலைவி, அச்சில் ரெசின் என்ற பிசினை ஊற்றும் மினி. எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. இதே சண்டையை இதே அறையில் ஷீபாவின் அப்பாவோடு நான் போட்டிருக்கிறேன். அன்றைக்கு என் ஆசை முழுவதும் அதில் தொங்கியது.

"சேச்சி, ஆளா தரையா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க" என்றான் அனூப்.

"ஒத்த வார்த்தையில சொல்லதுக்கா பஸ் ஏறி வந்தேன்? உக்காரு" என்றேன். அன்றைக்கு அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் படித்தது பொம்மையில் இல்லை, பல்லில். மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் ஒரு லேபில் பல் செட் செய்யும் வேலை. டாக்டர் அனுப்பும் ஈறு அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் மெழுகு வைத்து, பல் அடுக்கி, கடைசியில் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அக்ரிலிக் நிரப்புவோம். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பல் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஈறோடு ஒட்டி உட்காரவில்லை என்றால் வாய்க்குள் தாளம் போடும். முதலில் ஈறு, அப்புறம் பல். இது என் எலும்பில் ஊறிப்போனது.

ஜேக்கப் சார், அதாவது ஷீபாவின் அப்பா, தன் அம்மாவின் பல் செட்டை வாங்க ஒருநாள் அந்த லேபுக்கு வந்தார். வருகிறவர்கள் எல்லாரும் முன்பல்லைப் பார்ப்பார்கள். இவர் செட்டைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். விரலால் தடவினார். "இது ஆரு செஞ்சது?" என்றார். என்னைக் காட்டினார்கள். அடுத்த மாதம் நான் மணக்காட்டில் இருந்தேன். "பல்லு செய்யதுக்குப் பொம்மை செய்யது கொள்ளாம், நல்லதுதான். போ" என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார்.

சாரிடம் திட்டு வாங்கியவர்கள் யாரும் இல்லை. அவர் திட்டவே மாட்டார். யார் எந்த உருவத்தைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதலில் ஒரே வார்த்தைதான்: "காலு காணட்டே." முகத்தைப் பார்க்க மாட்டார். தலைகீழாகத் திருப்பி உள்ளங்காலைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். பிறகு அதை மேஜைமேல் வைப்பார். நிற்க வைத்தால் பாஸ். படுக்க வைத்தால் மறுபடி செய்ய வேண்டும். ஏன், எதற்கு என்றெல்லாம் கிடையாது. படுத்துக்கிடக்கும் உருவத்தை எடுத்துக்கொண்டு வந்து நாமே கண்டுபிடிக்க வேண்டியதுதான். முதல் வருஷம் எனக்கு அந்த மனிதரை அப்படியே படுக்க வைத்தால் என்ன என்று தோன்றியதுண்டு.

என் வேலை அச்சு எடுப்பது. வேறொருவர் வடித்த மூல உருவத்தைச் சுற்றி சிலிக்கோன் ஊற்றி, இரண்டாகப் பிளந்து, உள்ளே ரெசின் ஊற்றி, குமிழி இல்லாமல் வெளியே எடுப்பது. அதில் நான் கில்லாடி. ஆனால் எனக்கு வடிக்க ஆசை. அப்போதெல்லாம் எங்கள் பெட்டியில் போனது முழுக்கக் கவசம் போட்ட வெளிநாட்டுப் போர்வீரர்கள். எங்களில் ஒருவரும் அந்தக் கவசத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஒருநாள் நேராகப் போய்க் கேட்டே விட்டேன். "சார், நம்ம ஊர் ஆளு ஒருத்தனை நான் வடிக்கட்டுமா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓணம் கழிந்ததும் கொச்சியிலிருந்து ஏஜென்ட் வருவார், எதை வெளிநாட்டுக்கு எடுப்பது என்று முடிவு செய்கிறவர் அவர்தான், அதற்குள் ஒன்று செய், அவர் எடுத்துக்கொண்டால் நீ இனி சிற்பி என்றார். "எடுக்கல்லேன்னா?" என்று கேட்டேன். "பின்னே அச்சு மதி, அது போதும். இன்னொரு தடவை கேக்கப்படாது" என்றார். சொன்னால் சொன்னதுதான். ஒரே ஒரு வாய்ப்பு.

நான் தேர்ந்தெடுத்தது கரமடி இழுப்பவனை. கரமடி என்றால் கடலில் அரைவட்டமாகப் போட்ட வலையைக் கரையில் நின்றே இழுப்பது. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க விழிஞ்ஞம் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். கடலைப் பார்த்து நின்று, கயிற்றைப் பிடித்து, உடம்பை அப்படியே பின்னால் சாய்த்து இழுப்பார்கள். அந்தச் சாய்வு இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும்.

வடித்தேன். கம்பியில் எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் பசைக்களிமண் அப்பி, ஊசியாலும் பழைய பல் லேப் கரண்டியாலும் வடித்தேன். முதுகில் புடைத்த நரம்பு, கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் மடித்துக்கட்டிய கைலி, பல்லைக் கடித்த வாய். பல் விஷயத்தில் என்னை யார் மிஞ்ச முடியும்? பட்டறையில் எல்லாரும் கூடி நின்று ஆகா ஓகோ என்றார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

சாரிடம் கொண்டுபோனேன். "காலு காணட்டே." திருப்பினார். பார்த்தார். மேஜைமேல் நிற்க வைத்தார். என் ஆள் மல்லாந்து விழுந்தான். மறுபடி நிறுத்தினார். மறுபடி மல்லாந்தான். மூன்றாவது தடவை அவரே படுக்க வைத்தார். ஆனால் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக ஒரு வாக்கியம் சொன்னார்.

"இவன் இழுக்கல்லே, லோகா. விழுகான்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சாய்ந்து நிற்கிறவன் விழத்தானே செய்வான்? அழாத குறையாக என் மேஜைக்குத் திரும்பி வந்து அவனை எடுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. எங்கள் தொழிலில் உருவத்தின் முதுகில் ஒரு கம்பியைச் சொருகி, அந்தக் கம்பியை மரக்கட்டையில் நட்டு வைத்துக்கொண்டுதான் வடிப்போம். எந்தப் பக்கமும் திருப்பலாம், கை படாது. ஆனால் வடிக்கிற காலம் முழுக்க அந்த ஆள் காற்றில் தொங்கிக்கொண்டிருப்பான். அவன் கால் ஒரு நொடிகூட எதையும் தொடாது. நானும் காலைக் கடைசியில்தான் செய்திருந்தேன். செருப்புக்கடை அட்டைக்கால் மாதிரி இரண்டு தட்டைப் பாதம். எதையும் உந்தாத கால்.

மறுநாள் காலையில் சாரிடம் போய்ச் சண்டையை ஆரம்பித்தேன். "இவனுக்கு மணல் வேணும் சார். தரையோட சேர்த்து வடிச்சுக் கொடுக்கலாம்."

"பேஸ் வேண்டா" என்றார். "ஆளை நம்ம கொடுக்கணும். தரை வாங்குறவன்டெ சொந்தம். அவன் இவனைப் புல்லுல நிறுத்துவான், பாறையில நிறுத்துவான். நீ ஆரு சொல்றதுக்கு?"

"அப்பம் புல்லுலயும் விழுவான், பாறையிலயும் விழுவான்!"

எப்படி அந்தக் குரலில் பேசினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பட்டறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் மட்டும் சிரித்தார். "மணலுக்குள்ள கணுக்கால் வரை புதைச்சு வெச்சா நிப்பான். அறியாம், எனக்கும் தெரியும். அது காலு செய்யத் தெரியாதவன் பண்ற வேலை. காலை மணல்ல ஒளிக்க வேண்டா" என்றார்.

அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் நான் நினைத்திருந்தது அதையேதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழிஞ்ஞத்துக்கு மீன் கூடை கொண்டு போகவில்லை. பல் லேபில் பயன்படுத்தும் ரப்பர் கிண்ணம், பிளாஸ்டர் மாவு, குப்பியில் நல்ல தண்ணீர், ஒரு பொட்டலம் உப்பு, இவ்வளவையும் கொண்டு போனேன். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் பிளாஸ்டர் சீக்கிரம் இறுகும். லேபில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கடற்கரைக்கு உப்பு சுமந்துகொண்டு போனவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கரமடி இழுக்கும் கூட்டத்தில் பனியடிமை என்று ஒரு அண்ணன் எனக்கு மீன் விற்ற பழக்கம். அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். குதிகால் முதலில் இறங்குகிறது. விரல்கள் மேலே பார்க்கின்றன. கயிறு கடல் பக்கம் இழுக்க, கால் மணலைக் கொஞ்சம் முன்னால் தள்ளுகிறது. பாதத்துக்கு எதிரே ஒரு சின்ன வரப்பு எழுகிறது. அந்த வரப்பில்தான் முழு உடம்பும் முட்டுக்கொடுத்து நிற்கிறது! எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. ஈறு, பல். கடவுளே, இது ஈறும் பல்லும் அல்லவா!

அவர் ஓர் அடி பின்னால் வைத்ததும், விட்ட குழியில் நான் ஓடிப்போய்ப் பிளாஸ்டரை ஊற்றினேன். முதல் குழியை அலை கொண்டுபோனது. இரண்டாவதை இன்னொருவர் மிதித்தார். பனியடிமை அண்ணன் கயிற்றை விடாமலேயே தலையைத் திருப்பிச் சத்தம் போட்டார்.

"மோளே, நீ ஆளைப் பிடிக்க வந்தியா, குழியைப் பிடிக்க வந்தியா?"

"குழியைத்தாண்ணே! ஆளை முன்னமே பிடிச்சாச்சு!"

இழுத்துக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்ததில் கயிறே ஆடியது. அப்புறம் யாரும் என் குழிகளை மிதிக்கவில்லை. சுற்றிப் போனார்கள். வலை கரையேறியபோது என்னிடம் நல்லதாக ஒரு ஜோடி குழி இருந்தது. மண் ஒட்டிய இரண்டு பிளாஸ்டர் கட்டிகளைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பலாச்சுளையா என்று கேட்டார்.

வேலை தலைகீழாக ஆரம்பித்தது. முதலில் மணலை வடித்தேன். பிளாஸ்டர் கட்டியைப் பார்த்துப் பார்த்து, அதே குழியை விரல் நக அளவில் செய்தேன். குதிகால் இறங்கிய ஆழம், முன்னால் எழுந்த வரப்பு, ஓரத்தில் சரிந்த மண். பிறகு அந்தக் குழிக்குள் எண்ணெய் தடவி, அதிலேயே களிமண்ணை அழுத்திக் காலைச் செய்தேன். கால் இறுகியதும் மெல்ல வெளியே எடுத்தேன். சாருக்காக அடுத்த காரியம். மணலுக்குள் மறைந்துபோகும் அந்தப் பாதத்துக்கு விரல், நகம், குதிகால் வெடிப்பு எல்லாம் வைத்தேன். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே வைத்தேன். அந்த வேலைக்கு அவரை மனசுக்குள் எவ்வளவு வைதேன் என்பது எனக்கும் என் ஊசிக்கும்தான் தெரியும். கடைசியில், கால் மாறியதால் முழங்காலை மாற்றி, முழங்கால் மாறியதால் இடுப்பை மாற்றி, பட்டறையே புகழ்ந்த அந்த முதுகைச் சுரண்டிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தேன்.

ஓணம் கழிந்து ஏஜென்ட் வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, எதையும் பார்த்து அதிசயப்படாத முகம். போர்வீரர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். "பின்னே நம்ம நாட்டுக்காரன் ஒருத்தன் உண்டு" என்று சார் சொன்னார். நான் மணலை மேஜைமேல் வைத்தேன். ஆளைத் தனியாகச் சாரிடம் நீட்டினேன்.

"காலு காணட்டே" என்று அவர் சொல்லவில்லை. தானே திருப்பினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு சார் அவனை நிமிர்த்தி, மணலில் இருந்த இரண்டு குழிகளில் இறக்கினார். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். கையை எடுத்தார்.

என் ஆள் நின்றான். பசை இல்லை, கம்பி இல்லை. பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ஏஜென்ட் அவனை வெளியே எடுத்தார். விரல்களைப் பார்த்தார். மறுபடி குழியில் வைத்தார். டக். எடுத்தார். டக். அந்த அதிசயப்படாத முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "இது மண்ணோட கூடத்தான் தரணும், ஆனா ஒட்டாம தரணும்" என்றார். அப்புறம் சாரும் நானும் ஒரே சமயத்தில் "அதுதான் நான் சொன்னேன்" என்றோம். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சார் எழுந்து போகும்போது என் மேஜைப் பக்கம் நின்று, "பாக்ஸ் பெரிசாக்கணும், லோகா" என்றார். அவரிடமிருந்து நான் வாங்கிய பெரிய பாராட்டு அது. அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்தேன்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அனூப் தன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. தொண்டை வறளப் பேசியிருக்கிறேன், இவன் போன் பார்க்கிறான்!

"சேச்சி, நான் தரை வேண்டான்னு சொல்லதுக்கு எடுத்து வெச்சிருந்த போட்டோ இது" என்று நீட்டினான். "ஆளுகள் நம்ம பேஸை நம்ம நினைச்ச மாதிரி வைக்கதே இல்லன்னு காட்டத்தான். இப்பம் எந்தக் கட்சின்னு எனக்கே தெரியல்ல."

யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் என் கரமடிக்காரன் பெட்டியை வாங்கிச் செய்து, படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். மணலுக்கு அருமையாக வர்ணம் பூசியிருந்தார். ஈரம் பளபளத்தது. நூலால் ஆன கயிறு மணலில் தளர்ந்து கிடந்தது. இரண்டு குழிகள், அவற்றின் முன்னால் இரண்டு வரப்புகள். ஆள் இல்லை. அவனை வைக்கவே இல்லை. இவ்வளவுதான் அவர் செய்து முடித்த வேலை.

பார்த்த மாத்திரத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவன் எவ்வளவு கனம், எந்தப் பக்கம் பார்த்து நின்றான், எவ்வளவு பலமாக இழுத்தான், எல்லாம் அந்த இரண்டு குழிகளில் இருந்தது. நான் அதுவரை அவனில்லாத மணலைப் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. மினி போனைப் பிடுங்கிப் பார்த்து, "கண்டோ! தரைதான் ஜெயிச்சது!" என்று கூவினாள். "ஆளைக் கழட்ட முடிஞ்சதாலதானே இது?" என்று அனூப் பதிலுக்குக் கூவினான். சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஷீபா மட்டும் போனை வாங்கி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் அதே குரலில், "பாக்ஸ் அளவு மாத்தண்டா" என்றாள். தரை இருக்கும், ஆனால் கழற்றக்கூடியதாக இருக்கும் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் நேராக முன்னறை அலமாரியைத் திறந்தேன். ஏஜென்ட் எடுத்து எடுத்து வைத்துப் பார்த்த அதே முதல் ஆள் அங்கே நிற்கிறான். அன்றிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறான். அவன் கையிலிருந்து கயிற்றை உருவி மணலில் போட்டேன். அவனை மெல்லத் தூக்கி, பஞ்சு வைத்து இழுப்பறையில் படுக்க வைத்தேன். சரியில்லை என்பதற்காக இல்லை.

வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்றார்.

"ஒன் ஆளு எங்கட்டி? உடைச்சிட்டியா?"

"வலை கரையேறியாச்சு. வீட்டுக்குப் போயிருக்கான்."

அவர் குனிந்து அந்தக் குழிகளைப் பார்த்தார். அந்த மனிதர் எங்கள் பட்டறைச் சாமான் எதையும் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"அப்பம் அந்தக் குழியைத் தூத்துறாதே. நாளைக்கு வருவாம்லா" என்றார்.